ரெகுலேட்டரும் நாத்தனாரும்

நாத்தனார் பின்வாசலில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தாள். கையில் கட்டிங் பிளேயர், மடியில், கடலுக்குள் முங்குகிறவர்கள் மூச்சு விடும் ரெகுலேட்டர். தண்ணீருக்கடியில் பல்லால் கடித்துக்கொள்ள அதில் ஒரு ரப்பர் இருக்கும். அது கழன்று போகாமல் பிடித்திருப்பது ஒரு சின்னப் பிளாஸ்டிக் பட்டை. அந்தப் பட்டையைத்தான் பிளேயரால் கவ்வி முறுக்கிக்கொண்டிருந்தாள்.

கதவோரம் நின்ற தம்பி பெண்டாட்டி மீன்குஞ்சுக்குப் பகீரென்றது. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

"என்ன அண்ணி பண்றீங்க?"

நாத்தனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரெகுலேட்டரைக் கூடைக்குள் போட்டாள். ஒன்றுமில்லை, சும்மா பார்த்தேன் என்று முணுமுணுத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்தபடி உள்ளே போய்விட்டாள். சும்மா பார்க்கிறவளுக்குப் பிளேயர் எதற்காம்?

மீன்குஞ்சு என்பது வீட்டுக்காரன் ஆசையாக வைத்த பேர். அவள் காற்று சிலிண்டரோடு கடலில் முங்குகிற ஸ்கூபா கற்றுத்தருகிறவள். கடலிலிருந்து திரும்பினால் இடுப்பு விட்டுப்போகும், ஆனாலும் சாமான்களை அப்படியே போட்டுவிட முடியாது. அன்றைக்கே நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு அலசாவிட்டால் உப்பு பூத்து எல்லாம் பாழ்.

அந்த வேலையை வீட்டுக்காரன் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தான். மிதக்க வைக்கும் காற்று ஜாக்கெட்டுக்குள் தண்ணீர் விட்டுக் குலுக்கி வடிப்பான். ரப்பர் உடுப்பை உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில் காயப்போடுவான். வேறு யாரையும் தொட விடமாட்டான். இப்படியொரு புருஷன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று படகுக்காரர்களே அவளைக் கேலி செய்வார்கள்.

நாத்தனார் அதற்கு நேர் எதிர். புருஷனோடு ஒத்துவராமல் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். வந்த நாளாக வீடெல்லாம் ரப்பர் நாற்றம் என்பாள். கொடியில் கிடக்கிற உடுப்பைப் பார்த்தால் ஆள் தொங்குகிற மாதிரி இருக்கிறது என்பாள். கட்டிக்கொண்டு வந்தவளுக்குக் கடல்மேல் என்ன அப்படிப் பித்து என்று வாய் ஓயாமல் கரித்துக்கொட்டுவாள்.

கரித்துக்கொட்டியதோடு நின்றிருந்தால் யார் கவலைப்பட்டார்கள்? போன மாதம் நல்ல ஆழத்தில் இருக்கும்போது ரெகுலேட்டர் கழன்று போய், வாயில் வெறும் ரப்பர் மட்டும் நின்றது. உதிரிக் குழாயை எட்டிப் பிடித்ததால் மீன்குஞ்சு உயிரோடு மேலே வந்தாள். அப்புறம் ஒரு நாள் ஜாக்கெட்டின் வால்வு மூடி கடலுக்குள்ளேயே கழன்றுகொள்ள, காற்றெல்லாம் போய் சாமான்களின் கனம் அவளைக் கீழே இழுத்தது. இறங்கும் முன் சரிபார்த்தபோது இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.

அந்த இரண்டு தடவையும் நாத்தனார் ஊரிலேயே இல்லை, சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். செய்கிறதைச் செய்துவிட்டு நைசாகக் கிளம்பிவிடுகிறாள் என்பது இப்போதல்லவா விளங்குகிறது!

இதையெல்லாம் வீட்டுக்காரனிடம் எப்படிச் சொல்வது? இரண்டு தடவையும் அவன் குழந்தை மாதிரி அழுதிருந்தான். இந்த வேலையே வேண்டாம், விட்டுடு என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருந்தான். அப்படிப்பட்டவனிடம் போய் உன் அக்காதான் என்றால் தாங்குவானா பாவம். ஆனால் நாளைக்கு மீன்குஞ்சு புதிதாகச் சேர்ந்தவர்களைக் கூட்டிக்கொண்டு கடலில் இறங்க வேண்டும். மூன்றாவது தடவையும் தப்பிப்போம் என்பது என்ன நிச்சயம்? பார்த்ததை மறைக்காமல் சொல்லிவிட்டாள்.

"என்னங்க, ஒண்ணு அவங்க இந்த வீட்ல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

அவன் முகம் வெளுத்துப்போயிற்று. அக்காவைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்பான் என்று எதிர்பார்த்தாள், ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அக்காவிடம், கொஞ்ச நாள் சித்தி வீட்டில் போய் இரு என்று மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். நாத்தனாரும் சரி என்று பெட்டியை எடுத்துவிட்டாள். செய்யாதவள் என்றால் வீட்டை இரண்டாக்கியிருக்க மாட்டாளா?

சாயங்காலம் டாக்சி வந்து நின்றது. வீட்டுக்காரன் அக்காவை வழியனுப்பக்கூட வரவில்லை. அவள் கைபட்ட எதுவும் அப்படியே இருக்க வேண்டாம் என்று, கூடையிலிருந்த சாமான்களையெல்லாம் மறுபடி தொட்டியில் போட்டு அலசிக்கொண்டிருந்தான். குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் வாசல்வரை கேட்டது.

மீன்குஞ்சுக்கு நிம்மதியாகவும் இருந்தது, சங்கடமாகவும் இருந்தது. என்ன இருந்தாலும் வீட்டுக்குப் பெரியவள். மனசு கேட்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தாள்.

உள்ளே ஏறி உட்கார்ந்த நாத்தனார் கதவைச் சாத்தப்போய், சாத்தாமல் நிறுத்தினாள். கண் கலங்கியிருந்தது. தாய் போனபிறகு இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி அவன். வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, மீன்குஞ்சின் கையைப் பிடித்துக் கிட்டே இழுத்தாள். காதோரம் சொன்னாள்.

"இனிமே உன் சாமானை நீயே கழுவிக்கோ. அவன் லூசாக்கி வைக்கிறதையெல்லாம் மறுபடி இறுக்கி வைக்க நான் இங்க இருக்க மாட்டேன்."