ஏரிக்கரைக்கு அந்தாண்ட

“ஏரிக்கரைக்கு அந்தாண்ட குடி போயிட்டீங்க. இனிமே நீங்க வேற ஊரு. உன் பொண்ணு செசிலி பேரை அடிச்சாச்சு” என்றார் தலைமையாசிரியர் பொன்னுரங்கம்.

“பத்து நிமிச நடைதான் சார். மூணாங்கிளாசு நடுவுல அவ எங்க போவா?” என்று கெஞ்சினாள் லூர்தம்மா.

“பத்தடி தாண்டினாலும் எல்லை எல்லைதான். அவ ஒருத்தி இல்லேன்னா பள்ளிக்கூடம் காலியாயிடுமா?”

ஒரு மாதம் செசிலி ஆட்டுக்குட்டிகளோடு திரிந்தாள்.

ஒருநாள் காலையில் லூர்தம்மா வீட்டு வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. முன்னால் சாட்சாத் பொன்னுரங்கமே உட்கார்ந்திருந்தார்.

“குழந்தையைச் சீக்கிரம் அனுப்பும்மா. பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு.”

மாதாவே, மனுசன் மனசு இரங்கிவிட்டாரே! லூர்தம்மாவுக்குக் கண் கலங்கியது. மகளுக்கு எண்ணெய் வைத்துத் தலைசீவி, வண்டியில் ஏற்றப் போனவள் திகைத்து நின்றாள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள்.

“இன்னா சார் இது?”

பொன்னுரங்கம் குரலைத் தாழ்த்தினார். “ஸ்கூல் இன்ஸ்பெக்டர் கும்மிடிப்பூண்டி ரயில் ஸ்டேஷன்ல இறங்கிட்டாராம். வந்து தலை எண்ணுவாரு. ரிஜிஸ்டர்ல இருக்கிற அளவுக்கு ஆளில்லேன்னா சர்க்கார் கிராண்டு பணம் போயிடும். சாயங்காலமே கொண்டாந்து வுட்டுடறேன்.”

லூர்தம்மா மகளோடு தானும் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

“நீ எதுக்கும்மா?”

“எந்த ஊருன்னு இன்ஸ்பெக்டர் கேட்டா, கொழந்தைக்குச் சொல்லத் தெரியாது சார். நான் சொல்றேன்.”

பொன்னுரங்கம் மடியிலிருந்த ரிஜிஸ்டரைத் திறந்து, பேனாவை உதறினார்.

“செசிலி... போன மாசம் ஒருநாள்கூட லீவு போடலே, தாயே.”