இடது சப்பாத்து

கூடாரத்தின் வாசலில் வலது சப்பாத்து இருந்தது. இடதைக் காணவில்லை.

அவள் குனிந்து பார்த்தாள். சிவந்த மணலில் சின்னச் சின்னக் கால்தடங்கள் வந்திருந்தன. திரும்பிப் போன தடங்களின் பக்கத்தில் எதையோ இழுத்த கோடு.

நரி.

எதையும் வெளியில் வைக்க வேண்டாம் என்று, கூடாரமடிக்க இடம் கொடுத்த பண்ணைக்காரர் சொல்லியிருந்தார். சட்டி, சவர்க்காரம், தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் காருக்குள் வைத்துப் பூட்டினார்கள். சப்பாத்துகளை மட்டும் வாசலில் சோடியாக விட்டுவிட்டுப் படுத்தார்கள். உள்ளே கொண்டுபோகலாம் என்று இருவருக்கும் தோன்றவே இல்லை.

துணியால் ஆனதென்றாலும் அது வாசல்.

அவளுடைய இடது கால் நான்கு சென்டிமீட்டர் குட்டை. அந்தச் சப்பாத்தின் அடியில் அதே அளவுக்குத் தக்கை வைத்துத் தைத்திருந்தது. வேறு சோடி இல்லை.

"நரிக்கும் எது நல்ல சப்பாத்தெண்டு விளங்கியிருக்கு," என்றார் குகநேசன், அவள் கணவர்.

அவள் சிரிக்கவில்லை.

பத்து நாள் கார்ப் பயணத்தின் கடைசிக் காலை இது. மதியம் புறப்பட வேண்டும். அடுத்த மாதம் பொட்ஸ்வானாவை விட்டே போகிறார்கள்.

பத்தொன்பது வருடம் அவள் இங்கே உயிரியல் படிப்பித்தாள். ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் ஒரு பறவையை வரைவாள். கல்கௌதாரி. தண்ணீரிலிருந்து வெகுதூரத்தில், வெறும் தரையில் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகளுக்குப் பறக்க வராது. ஆண் பறவை தண்ணீருக்குள் இறங்கி வயிற்றை நனைக்கும். அந்த வயிற்று இறகுகளின் இழைகள் சுருண்டு கிடப்பவை. நனைந்ததும் விரிந்து தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அப்படியே பறந்துபோய் நிமிர்ந்து நிற்கும். குஞ்சுகள் தகப்பனின் இறகை உறிஞ்சிக் குடிக்கும்.

அவள் அதை ஒருமுறையும் பார்த்ததில்லை. காரிலிருந்து தெரிவது தூசியும் சிறகும்தான்.

இந்தப் பண்ணையில் சிங்கம் இல்லை. நடக்க விடுகிறார்கள். தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் மணல்மேட்டின் வடக்கு முனையில், கல்கௌதாரிகள் காலையில் வந்திறங்கும் ஒரு ஊற்று. அதன் கரையில் உட்கார்ந்து பார்க்க ஒரு நாணல் மறைப்பு. கூடாரத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். கார்ச் சத்தம் கேட்டால் பறவைகள் இறங்காமலே திரும்பிவிடும்.

அவர் விறகுத் துண்டு ஒன்றைச் சீவி அவள் பாதத்தின் கீழ் வைத்துக் கட்டினார். அது புதைந்தது. அடி சிறிது, உடம்பின் பாரம் முழுவதும் அந்தச் சிறிய இடத்தில் இறங்கியது. மணல் விலகிக் கொடுத்தது.

துவாயை மடித்துக் கட்டினார். பத்தாவது அடியில் நழுவியது.

"காரிலயே இருந்து பாப்பம், என்ன? மான் மரை ஏதும் வரும்."

"பத்தொன்பது வருஷமா காரிலதானே இருந்தனான்."

அவர் துவாயை அவிழ்த்தார்.

அவள் வலது சப்பாத்தையும் கழற்றினாள். வெறுங்காலுடன் மணல்மேட்டின் அடிவாரம் வரை போனாள். அதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. உட்கார இடம் தேடிச் சரிவில் ஏறி, குறுக்காக இரண்டு அடி வைத்தாள்.

நின்றாள்.

மேலும் இரண்டு அடி வைத்தாள்.

இடுப்பு வலிக்கவில்லை. இடது பாதம் மேட்டுப் பக்கம். வலது பாதம் பள்ளத்துப் பக்கம்.

மேலே ஏறினால் சரிவு கூடியது. கீழே இறங்கினால் குறைந்தது. இடையில் ஓரிடத்தில் இரண்டு பாதங்களுக்கும் உள்ள உயர வித்தியாசம் சரியாக நான்கு சென்டிமீட்டராக இருந்தது.

அந்த உயரத்தை விடாமல் வடக்கே நடந்தாள்.

பின்னால் அவருடைய காலடி கேட்டது. ஒன்று அழுத்தமாக. ஒன்று மெதுவாக. அந்தத் தாளம் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"என்னப்பா, நொண்டுறியள்."

"எனக்கு ஒரு கால் கூடிப்போச்சு."

உச்சியில் நடந்தால் அவருக்குச் சமம். ஆனால் உச்சியில் போகும் ஆள் வானத்துக்கு எதிரே பளிச்சென்று தெரிவான். பறவைகள் வரா.

"தோளைப் பிடியுங்கோ," என்றாள்.

முப்பது வருடமாக அது அவர் அவளிடம் சொல்வது.

பிடித்தார்.

மறைப்புக்குள் போய் உட்கார்ந்தார்கள். பறவைகள் எட்டரைக்கு வந்தன. பெட்டைகள் நாலு மிடறு குடித்துவிட்டு எழும்பின. ஆண் பறவைகள் தங்கின. ஒன்று வயிறு நனையும் அளவுக்குத் தண்ணீருக்குள் இறங்கியது. இறகை விரித்து உடம்பை ஆட்டியது. நிறுத்தியது. மறுபடி ஆட்டியது. ஒரு மிடறும் குடிக்காமல் இன்னும் ஆட்டியது.

"இதுதானே?" என்றார் மெல்ல.

அவள் தலையசைத்தாள். கரும்பலகையில் வரையும்போது அது இவ்வளவு நேரம் எடுக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அது எழும்பியது. வயிற்றிலிருந்து இரண்டு துளி விழுந்தது. மிச்சம் அதனுடன் போயிற்று.

திரும்பும்போது அவளால் முதல் அடியே வைக்க முடியவில்லை. அதே சரிவு. ஆனால் இப்போது மேடு வலப்பக்கம். நான்கு சென்டிமீட்டர் எட்டாகியிருந்தது.

"தூக்கிக்கொண்டு போகட்டே?"

"உங்கட முதுகோட?"

அவள் வந்த தடங்களைப் பார்த்தாள். பிறகு உச்சியைப் பார்த்தாள்.

கைகளை ஊன்றி ஏறி, மறுபக்கம் இறங்கினாள். அங்கே வெயில் இன்னும் வரவில்லை. மணல் குளிர்ந்திருந்தது. தெற்கே திரும்பி நின்றாள். மேடு இடப்பக்கம் இருந்தது.

பறவைகள் போய்விட்டன. அவர் இனி உச்சியிலேயே நடக்கலாம்.

மேலே இருந்து கையை நீட்டினார். அவளுக்கு அது தேவைப்படவில்லை.

பிடித்துக்கொண்டாள்.

போகும்போது கிழக்குச் சரிவு. வரும்போது மேற்குச் சரிவு.