தோளில் விழுந்த வலை

காரைக்காலுக்கு வடக்கே, கடலோரக் குப்பத்தில் படகுகளின் நிழல் அலைவரைக்கும் நீண்டு கிடக்கிறது. பிறந்த ஊரில் ஓட்டுக் கேட்க வந்து நிற்கிறாள் பூங்கொடி. பொன்னாடை விழ வேண்டிய அவள் தோளில் சுருக்குமடி வலையைப் போர்த்துகிறான் தம்பி கவியரசன். குஞ்சு மீனைக்கூட மிச்சம் வைக்காமல் வாரிக்கொண்டு வரும் வலை. அது வேண்டுமென்று இந்த ஊரும், கூடவே கூடாதென்று பக்கத்து ஊரும் மல்லுக்கு நிற்கின்றன. காலையில் வந்த எதிர் வேட்பாளர் இதே வலையைப் போர்த்திக்கொண்டு பல்லெல்லாம் தெரியப் படம் எடுத்துக்கொண்டார். மத்தியானம் பக்கத்து ஊருக்குப் போய், இதை ஒழித்தே தீருவேன் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார். இப்போது தப்பு மேளம் அதிர்கிறது, செல்போன்கள் உயர்கின்றன, ஈர நைலான் பூங்கொடியின் கழுத்தை அறுக்கிறது. “ஒரு நிமிசம் சிரிச்சிட்டு நில்லுக்கா. ஊரு ஓட்டு மொத்தமும் நமக்குத்தான்” என்று காதோரம் கெஞ்சுகிறான் தம்பி.

அவள் சிரிக்கவில்லை. வலையை உருவிக் கையில் எடுக்கிறாள். கண்ணியில் ஒரு மத்திக்குஞ்சு சிக்கி வெளிறிப்போயிருக்கிறது. அதைப் பிய்த்தெடுத்து, ஆரத்தி சுற்றக் காத்திருக்கும் ஊர்க்காரி அஞ்சுகத்தின் தட்டில் போடுகிறாள். சிவந்த நீரில் அது வயிற்றைக் காட்டி மிதக்கிறது. தப்புச் சத்தம் நின்றுபோகிறது.

“ஊருக்கு ஒரு பேச்சு எனக்கு வராதுங்க. இந்த வலை வேணாம்னு அங்கயும் சொன்னேன், இங்கயும் அதான்.”

“அப்புறம் எதுக்குடி ஓட்டுக் கேட்டு வந்தே?” கூட்டத்திலிருந்து ஒரு குரல் சீறுகிறது.

“இதைச் சொல்லிட்டுக் கேக்கத்தான் வந்தேன்.”

வலையைத் தம்பியின் கையில் திணித்துவிட்டு, கைகூப்பியபடி வீடு வீடாகக் கேட்கக் கிளம்புகிறாள். அவள் ஏறும் முதல் வாசல் கவியரசனுடையது.