சமையலறைக்குள் ஓர் அரங்கம்

ஸ்பெயின் நாட்டுக் கார்த்தஹேனாவின் குன்றுத் தெருவில், வீட்டை இடிக்க வந்த இயந்திரம் வாசலில் உறுமுகிறது. காரிதாத் சாமான்களை எடுப்பதும் வைப்பதுமாக அறைக்கு அறை நடக்கிறாள். தோண்டிப் போட்ட சமையலறைத் தரைக்கடியில், ரோமானியர் கட்டிய நாடக அரங்கின் கல்படி ஒன்று காலை வெயிலில் வெளுத்துத் தெரிகிறது. அரங்கை முழுதும் தோண்டியெடுக்கத்தான் வீட்டை இடிக்கிறார்கள். அதில் அவள் கணவன் பெஞ்சோ அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். “எந்திரிய்யா, வெளியே கத்துறாங்க.” “ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியே ஆளுங்க உட்கார்ந்த இடம்டி இது. என்னை மட்டும் ஏன் கிளப்புறாங்க?” “அவங்கல்லாம் நாடகம் முடிஞ்சதும் எழுந்து வீட்டுக்குப் போனாங்க.” “எனக்கு இதுதானே வீடு?” சன்னல் கண்ணாடி அதிர்கிறது. உதிரும் சுண்ணாம்பு அவன் நரைமுடியில் படிகிறது. காரிதாத் வாசலைப் பார்க்கிறாள், அவனைப் பார்க்கிறாள், மறுபடியும் வாசலைப் பார்க்கிறாள். “கொஞ்சம் தள்ளி உட்காரு, எனக்கும் இடம் வேணும்” என்கிறாள்.