பலகையில் ஒரு பெயர்

“என்ரை பேர் வேண்டாம் பிள்ளை. அதை அழிச்சுப்போட்டு மற்றவையின்ரை பேரைப் போடுங்கோ.”

பஞ்சலிங்கம் இப்படிச் சொன்னதும், கோயில் செயலாளர் சோமசேகரம் பிடித்திருந்த குடையைச் சரித்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“அண்ணை, உடம்புக்கு ஏதும் சுகமில்லையோ? கோயில் மணியிலை உங்கடை பேர். பஸ் நிக்கிற இடத்திலை குந்துற வாங்கிலை உங்கடை பேர். சுடலை மடத்துத் தூணிலையும் உங்கடை பேர். செத்தவன் வாசிச்சுப்போட்டுத்தான் போறான்.”

அதில் பொய்யில்லை. ‘கதிரித்தம்பி குடும்பம்’ என்ற எழுத்து இல்லாத பொது இடம் அந்த ஊரில் கிடையாது. கதிரித்தம்பி, பஞ்சலிங்கத்தின் பாட்டனார். வீட்டுப் பாத்திரம் ஒன்று புதிதாக வந்தால்கூட அந்தப் பெயரை வெட்டுவித்த பிறகுதான் புழக்கத்துக்கு எடுப்பார்கள்.

வன அதிகாரி தக்சாயினியோடு இருவரும் எரிந்த காட்டின் வாசலில் நின்றார்கள். பருத்தித்துறைக்குக் கிழக்கே, மணல் மேட்டுக்குப் பின்னால், அரசாங்கம் ஒதுக்கிப் பாதுகாத்த பழங்காடு அது. முப்பாட்டன் காலத்துப் பாலை மரங்களும் வீரை மரங்களும் ஆடி மாதத்துச் சோளகக் காற்றில் ஒரே பகலில் கரியாகிவிட்டன. தக்சாயினி புதிதாக ஒரு பலகை நாட்டியிருந்தாள். காடு தானாக மீளும்வரை எவரும் உள்ளே போகக்கூடாது என்பது மேல்வரி. நெருப்பை அணைத்த ஊரவரின் பெயர்கள் கீழே. முதற்பெயர் பஞ்சலிங்கத்தினுடையது.

“பலகை கிடக்கட்டும் பிள்ளை,” என்றார் சோமசேகரம். “உந்தக் கரிக்கட்டையளைத் தறிச்சு எடுத்துப்போட்டு வேம்பு நட்டால் என்ன? கனடாவிலை இருக்கிற எங்கடை பெடியள் காசு அனுப்பத் தயார்.”

“ஒரு கொப்பும் எடுக்கேலாது ஐயா. எரிஞ்ச மரம் நிண்டால்தான் மாரி மழை மண்ணை அள்ளாது. புதுசா நடவும் தேவையில்லை. கீழை வேர் சாகேல்லை. அந்த வீரையின்ரை அடியைப் பாருங்கோ.”

கரிய அடிமரத்தைச் சுற்றி வெளிறிய தளிர்கள் விட்டிருந்தன. சோமசேகரம் குனிந்து பார்த்தார். பஞ்சலிங்கம் கடற்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தத் தளிரைப் பார்க்கும் முகம் அவருக்கு இருக்கவில்லை.

“ஆடு மாடு போகாமல், ஆக்கள் நெருப்புக் கொண்டு போகாமல் இருந்தால் போதும். காடு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்,” என்றாள் தக்சாயினி.

“நெருப்புக் கொண்டுபோனவன் ஆரெண்டு ஊருக்கே தெரியும். தேன் எடுக்க வாற பேதுருதான்,” என்றார் சோமசேகரம்.

“நீ கண்டனியோ?” பஞ்சலிங்கத்தின் குரல் வெடுக்கென்று வந்தது.

“காண வேணுமே அண்ணை? காடு எரியுது எண்டு முதல் கத்திக்கொண்டு ஓடிவந்தவன் அவன். மூட்டினவனுக்குத்தானே முதல் தெரியும்.”

“விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கு. தான் மூட்டேல்லை எண்டுதான் அவர் சொல்லுறார்,” என்றாள் தக்சாயினி. “சரி, ஐயா ஏன் பேர் வேண்டாமெண்டுறார்?”

“நான் அணைக்க வரேல்லைப் பிள்ளை. அண்டைக்குப் பின்னேரம் வீட்டிலை கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தனான்.”

“ஓம், அதுவும் சரிதான்,” என்று சோமசேகரம் தலையைச் சொறிந்தார். “அண்ணையை அண்டைக்கு நானும் காணேல்லை. அதுக்கு முதலே எங்களோடை கோவம். காட்டுக்குள்ளை அடுப்பு மூட்டக்கூடாது எண்டு நீங்கள் மறிச்சதாலை, எப்பவும் பெரிய பாலைக்குக் கீழை வைக்கிற வைரவர் பொங்கலை இந்த முறை தார் றோட்டுக் கரையிலை வைச்சனாங்கள். முதற்பானை அண்ணை குடும்பத்தின்ரை உரிமை. இடம் மாறினால் தொடமாட்டன் எண்டு நிண்டிட்டார்.”

தக்சாயினி சிரித்தாள். “பெரிய மனிசர் செய்ததைச் சொல்லமாட்டினம். நான் சும்மா பேர் போடேல்லை. சாட்சி இருக்கு.”

மோட்டார் சைக்கிளில் தொங்கிய பையை எடுத்து வந்து அவிழ்த்தாள். கருகி நெளிந்த ஒரு பித்தளைப் பானை. கழுத்தில் ‘கதிரித்தம்பி குடும்பம்’ என்ற எழுத்து மட்டும் துலக்கப்பட்டுப் பளிச்சென்றிருந்தது.

“நடுக்காட்டிலை, வைரவற்றை பெரிய பாலை சரிஞ்ச இடத்திலை, மரத்துக்குக் கீழை கிடந்தது. தண்ணி கொண்டுபோன ஒருத்தரும் அவ்வளவு தூரம் போகேல்லை. ஐயா தனிய, நெருப்புக்குள்ளை போயிருக்கிறார்.”

சோமசேகரம் குடையைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார். “அண்ணை, தெரியாமல் பகிடி பண்ணிப்போட்டன். கதிரித்தம்பியற்றை இரத்தம் எண்டு காட்டிப்போட்டியள்.”

பஞ்சலிங்கம் பானையின் எழுத்தைப் பார்த்தார். வாய் திறக்காமல் நின்றால் போதும். இந்த ஊர் இருக்கும்வரை அந்தப் பெயர் பலகையின் தலையில் இருக்கும்.

“கழுவித் தருவம் எண்டு பார்த்தன் ஐயா,” என்று தக்சாயினி பானையை நீட்டினாள். “வெளிப்பக்கம் போச்சுது. உள்ளுக்குத்தான் மண் இறுகிப்போய்க் கிடக்கு, என்ன செய்தும் போகுதில்லை.”

அவர் பானையை இரண்டு கையாலும் வாங்கினார். உள்ளே விட்ட பெருவிரல் நகத்தால் அடியைச் சுரண்டி, ஒட்டி வந்ததை அவளின் உள்ளங்கையில் வைத்தார்.

“மண் இல்லைப் பிள்ளை, பச்சையரிசியும் பயறும். பேதுருவைக் கூப்பிட வேண்டாம், என்னைக் கேளுங்கோ.”