ஆபேல் சாருக்கு அடித்த மணி

“ஆபேல் சாரக் கொன்னது நான்தான்க்கா!” என்று இருட்டில் அக்காள் லீலாபாயின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“போலே! வருசக்கணக்கா படுக்கையில கிடந்த மனுசன். கோயில்ல சாவு மணி கேட்டுத்தானே ஊரே அவரு வீட்டுக்கு ஓடிச்சு?”

“அந்த மணிய அடிச்சது நான். அப்ப அவரு சாவல.”

“பின்ன எதுக்குல அடிச்ச?”

“சாரு பந்தாட்டம் சொல்லிக்குடுத்த நம்ம டீம் நாகர்கோயில்ல கப்பு ஜெயிச்சிட்டு. சந்தோசத்துல மணிக்கயித்தப் பிடிச்சுத் தொங்கிட்டேன். பொறவு சாருட்டச் சொல்ல ஓடினேன். ‘யாருலே செத்தது?’ன்னு கேட்டாரு. ‘யாருமில்ல சார், கப்பு நமக்கு!’ன்னேன். ‘கோல்!’னு கத்திக்கிட்டு கட்டில்லயே எழும்பி நின்னு குதிச்சாரு. விழுந்தவரு எழும்பல.”

அக்காளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

“மணியடிக்கிற கோயில்குட்டி என்னத் தேடுதாரு. அது சாருக்கு அடிச்ச மணியா, கப்புக்கு அடிச்ச மணியான்னு கேட்டா நான் என்னக்கா சொல்ல?”