மூன்று குழாயிலும் ரத்தம்

"மூணு பேருக்கும் ஒண்ணாவா வரும்? யார் காதுல பூ சுத்துறீங்க?"

ஹுவாங் மேஜையைத் தட்டிய தட்டில் என் தேநீர் சிந்திவிட்டது. தைவானின் தைனான் நகரச் சந்தையில் மீன் கஞ்சிக் கடை வைத்திருப்பவர். கூடவே மனைவி லீயூன், அக்கா சியூமெய். கதவோரம் சக்கர நாற்காலியில் அவருடைய அப்பா. நாற்காலியைப் பிடித்தபடி ருஸ்மி. அப்பாவைப் பார்த்துக்கொள்ள இந்தோனேஷியாவிலிருந்து வந்த பெண். பேருக்குத்தான் அது. கடைப் பாத்திரம் முழுக்க அவள் தலையில்தான்.

குடலில் ரத்தம் கசிகிறதா என்று பார்க்க, ஐம்பது தாண்டியவர்களுக்கு எங்கள் சுகாதார நிலையத்தில் ஒரு சின்னக் குழாய் கொடுப்போம். வீட்டிலேயே மலத்தைக் குச்சியால் தொட்டு, உள்ளே விட்டு, மூடிக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தால் ஆளுக்கு ஒரு பாக்கெட் அரிசி இனாம். ஹுவாங், மனைவி, அக்கா மூவரும் கொண்டுவந்த மூன்று குழாயிலும் ரத்தம்.

"அதைக் கடைக்கு போன் போட்டா சொல்லுவாங்க?" என்றாள் லீயூன். "பக்கத்து நூடுல்ஸ் கடைக்காரி காதுல விழுந்துடுச்சு. எங்க கஞ்சி குடிச்சா குடல் அழுகும்னு ஊர் பூரா பரப்பிட்டா. கடையில ஈ ஓட்டுறோம்."

"போன் போட்டது எங்க தப்புதான். ஆனா கடையை விடுங்க. இது புத்துநோயாக்கூட இருக்கலாம். முதல்ல மூணு பேரும் பெரிய ஆஸ்பத்திரியில குடலைக் காட்டுங்க."

"எதுக்குக் காட்டணும்? எங்களுக்கு ஒண்ணும் இல்ல. உங்க ஆளுங்கதான் குழாயை மாத்திட்டாங்க" என்றார் ஹுவாங்.

எனக்கும் சந்தேகம்தான். ஒரே வீட்டில் மூன்று பேருக்கு வருவது நானும் பார்த்ததில்லை. ஆய்வகத்தில் எவனாவது தூங்கி வழிந்திருந்தால்?

"சரி சார். முறையா எடுத்தீங்களான்னு பார்த்துடுவோம். தண்ணியில விழாம கீழ காகிதம் விரிச்சீங்களா?"

"காகிதமா?"

"குச்சியால எங்கெங்க தொட்டீங்க?"

"எந்தக் குச்சி?" ஹுவாங் மனைவியைப் பார்த்தார்.

மூடியோடு ஒட்டியிருக்கும் குச்சி. மனிதர் குழாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

சியூமெய்தான் வாயைத் திறந்தாள். "சாப்பாட்டுக் கடை வெச்சிருக்கவங்க அந்தக் கண்றாவியை எல்லாம் கையில எடுப்பாங்களா? ருஸ்மிகிட்ட குடுத்துட்டோம்."

"உங்களோடதை எடுக்கச் சொல்லியா?"

"சீ. அவளோடதையே மூணுலயும் போடச் சொன்னோம். சின்ன வயசு, கல்லைத் தின்னாலும் செரிக்கும். அதுல போய் ரத்தம்னா யார் நம்புவா? அதான் மாத்திட்டீங்கன்னு சொல்றோம்."

ஒரு பாக்கெட் அரிசிக்காக இந்த வேலை. எழுந்து ருஸ்மியிடம் போனேன். வெளுத்துப்போயிருந்தாள்.

"ரத்தம் போகுதாம்மா உனக்கு?"

அவள் முதலாளியம்மாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"ரொம்ப நாளா போகுதுக்கா. அம்மாகிட்ட சொன்னேன். காரத்தைக் குறைன்னாங்க. லீவு கேட்டேன். உடம்புக்கு முடியலன்னா ஊருக்கு அனுப்பிடுவோம்னாங்க. ஊர்ல என் பொண்ணு படிக்கிறாக்கா."

"அப்புறம் ஏம்மா இதையும் வாயை மூடிக்கிட்டு செஞ்ச?"

"ரத்தம்னு வந்தா, மூணு பேர்ல ஒருத்தராவது என்னை நினைச்சுப் பார்ப்பாங்கன்னு."

அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதெல்லாம் மறந்துபோனது.

"மனுஷங்களா நீங்க? உங்க அப்பாவுக்குக் கழுவி விடறவ. அவ ரத்தமா போகுதுன்னு சொல்றா, காரத்தைக் குறைன்னு சொன்னீங்களா? சேதி வந்தப்போ அது யாரோட ரத்தம்னு உங்க மூணு பேருக்கும் தெரியும். கடை போச்சேன்னுதானே ஓடி வந்தீங்க? அவளை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

நான் பெரிய ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, அன்றைக்கே ருஸ்மியைப் பார்க்க ஏற்பாடு செய்தேன். "இவளை ஊருக்கு அனுப்பினா தொழிலாளர் ஆபீஸ்ல நானே புகார் குடுப்பேன்" என்றேன். ஹுவாங் தலையாட்டினார். சியூமெய் சக்கர நாற்காலியை ருஸ்மியிடமிருந்து தானே வாங்கிக்கொண்டாள்.

லீயூன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள். பரவாயில்லை, இவளுக்காவது உறைத்ததே என்று நினைத்தேன்.

"நர்ஸம்மா, அதான் அவளுக்குத்தான்னு ஆயிடுச்சே. எங்க மூணு பேருக்கும் ஒண்ணும் இல்லன்னு முத்திரை போட்டு ஒரு சீட்டு குடுங்க. கடை வாசல்ல ஒட்டணும்."